ஹனிசக்கிள் கஷாயமும் இறங்கிய காய்ச்சலும்

போன வாரம் முழுக்க சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தேன். காரணம்? ஒரு பூ!

சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் சேகர், என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். தங்கமான மனுஷன். செல்போனில் வைத்திய வீடியோ பார்ப்பது மட்டும்தான் அவருக்கு இருக்கும் வியாதி. காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி என்று படுத்தவர், ரத்த டெஸ்ட் எடுக்கப் போகமாட்டேன் என்று அடம். அதே தெருவில் டெங்கு இருக்கிறது. அவர் மனைவி செல்வி கெஞ்சிப் பார்த்துவிட்டு எனக்கு போன் போட்டார்.

"அண்ணே, நீங்களாச்சும் வந்து சொல்லுங்க. எம் பேச்ச கேக்க மாட்றாரு. பயமா இருக்குண்ணே."

போனேன். கேட்டில் படர்ந்திருக்கும் கொடியிலிருந்து கொத்துக் கொத்தாகப் பூவைப் பறித்து, பனங்கற்கண்டு போட்டுக் கொதிக்கவைத்து, டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தார் மச்சான்.

"என்ன மச்சான் இது?"

"ஹனிசக்கிள், மாப்ள. சைனாவுல ஜுரத்துக்கு இதான். குளோரோஜெனிக் ஆசிட், லூட்டியோலின்... எல்லாம் ஜாஸ்தி. வைரஸ் கிட்டயே வராது!"

கெமிஸ்ட்ரியில் இவர் தட்டுத் தடுமாறிப் பாஸானது குடும்பத்துக்கே தெரியும்.

சும்மா சொல்லக் கூடாது, வீடியோ சொன்னதில் உண்மையும் இருக்கிறது. ஹனிசக்கிள் பூமொட்டைச் சீன வைத்தியத்தில் காய்ச்சலுக்கும் தொண்டை வலிக்கும் ரொம்ப காலமாகக் கொடுக்கிறார்கள். அவர் சொன்ன ரெண்டு பொருளும் அதில் உண்டு. வீக்கத்தைக் குறைக்கும், சில கிருமிகளைத் தடுக்கும் குணம் இருப்பதாக லேப்பில் பார்த்திருக்கிறார்கள். ஆனால், லேப்பில் கண்ணாடிக் குடுவைக்குள் நடப்பதெல்லாம் மச்சான் வயிற்றுக்குள்ளும் நடக்குமா? அதற்கு உறுதியான பதில் இன்னும் இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று கொடியை போட்டோ எடுத்து, சிதம்பரத்தில் என் பக்கத்து வீட்டு மேடத்துக்கு அனுப்பினேன். காலேஜில் தாவரவியல் நடத்துகிறவர். உடனே கூப்பிட்டார்.

"சார், அது ரங்கூன் மல்லி. வெள்ளையா பூத்து, ரோஸாகி, அப்புறம் சிவப்பாகுது பாருங்க? ஹனிசக்கிள் வெள்ளையா பூத்து மஞ்சளாகும். ரெண்டுக்கும் சொந்தமே கெடையாது. இதோட விதைய வயித்துப் பூச்சிக்குக் குடுப்பாங்க. ஜாஸ்தியானா வாந்தி, விக்கல்தான். காய்ச்சலுக்கு நம்பி உக்கார வேணாம்னு சொல்லுங்க."

இன்னொன்றும் சொன்னார். குளோரோஜெனிக் ஆசிட்தான் வேண்டுமென்றால் அது காபியில் இருக்கிறதாம், கத்தரிக்காயில் இருக்கிறதாம். அப்படியானால், இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் நம்ம சிதம்பரம் கத்தரிக்காய் கொத்சிலேயே இருக்கிறது! கொத்சு சாப்பிட்டு யாருக்காவது டெங்கு போயிருக்கிறதா?

இதை ஹனிசக்கிள் என்று மச்சான் எப்படி முடிவு பண்ணினார் தெரியுமா? செடியின் பெயர் சொல்லும் ஆப் ஒன்றில் கொடியைக் காட்டியிருக்கிறார். நாலு பெயர் வந்திருக்கிறது. அதில் எது காய்ச்சலுக்கு மருந்தோ, அதை எடுத்துக்கொண்டார்! நாம் மட்டும் என்ன... வேண்டிய பதில் வரும்வரை தேடுவோம், வந்ததும் நிறுத்திவிடுவோம்.

எவ்வளவு சொல்லியும் மனுஷன் அசையவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் காலையில் போன்.

"மாப்ள, ஜுரம் உட்டுப்போச்சு! இப்ப என்னா சொல்றாங்க உங்க மேடம்?"

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கைதட்டல். பண்ருட்டிச் சித்தப்பா அந்தப் பூ எங்கே கிடைக்கும் என்றே கேட்டுவிட்டார். எனக்கே லேசாகச் சந்தேகம் வந்தது... ஒருவேளை நிஜமாகவே வேலை செய்கிறதோ?

மதியம் செல்வி அழுதுகொண்டே பேசினார்.

"ஜுரம் இல்லண்ணே. ஆனா வயிறு வலிக்குதுன்னு சுருண்டு படுத்துட்டாரு. வாந்தி நிக்கல. பல் ஈறுல ரத்தம் வருது. நான் ஆட்டோவ வரச் சொல்லிட்டேன். அவர ஒண்ணும் கேக்கல."

நானும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டெங்குதான். பிளேட்லெட் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் சொன்னதை தயவுசெய்து மனதில் வையுங்கள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். அதாவது, குணமாகிவிட்டது என்று நாம் குரூப்பில் கைதட்டுகிற நேரம்!

"இன்னும் லேட் பண்ணியிருந்தீங்கன்னா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்தினார். எனக்கு வந்த கோபத்துக்கு, கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததால் மச்சான் தப்பித்தார்.

பிழைத்து வந்துவிட்டார். திருவந்திபுரம் கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டுதலாம். வேண்டிக்கொண்டது செல்வி, மொட்டை மச்சானுக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் வீட்டில் கொண்டுவிட்டேன். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் கேட்டைப் பார்த்து முறைத்தார் மச்சான். "மொதல்ல இந்தக் கொடிய வெட்டிப் போடணும்" என்றார்.

செல்வி மருந்துப் பையை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"அத ஏன் வெட்றீங்க? அது பாட்டுக்குப் பூத்துச்சு. மருந்துன்னு அதா சொல்லுச்சு?"