அமாவாசைப் பச்சை

சுமதியின் வேலை போனதற்குக் காரணம் நான்தான். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை!

இதை நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் எங்கள் முதலாளியின் அறை. அங்கே வாய் திறக்காதவன், முகம் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்...

நாமக்கல்லில் ஒரு முட்டை மண்டி. அங்கே கணினி வேலை எல்லாம் என் பொறுப்பு. உள்ளறையில் ஒரு பழைய சர்வர் இருக்கிறது. மண்டி தழைத்தது அது வந்த பிறகுதான் என்பது முதலாளியின் நம்பிக்கை. அதனால் மாற்றவும் விடமாட்டார். தொட்டால் முகம் சுருங்கும்.

அந்தக் கிழட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு, எங்களிடம் முட்டை வாங்கும் வெளி மாநிலத்து நிறுவனம் ஒன்றின் இணையச் சேவையோடு நான் மல்லுக்கட்ட வேண்டும். தினமும் காலையில் வண்டி எண், ஓட்டுநர் பெயர், முட்டைக் கணக்கு எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்புவோம். பயந்துவிடாதீர்கள்... ஒவ்வொரு தகவலையும் பெயர் எழுதிய ஓர் உறையில் போட்டு அனுப்புவது போலத்தான் அது. அதே வடிவில் அவர்களும் பதில் அனுப்புவார்கள். ஏற்றுக்கொண்டால் எங்கள் திரையில் பச்சை, மறுத்தால் சிவப்பு. பச்சை வராமல் வண்டி கிளம்பினால் அவர்களுடைய கிடங்கின் கேட் திறக்காது; கிளம்பிய பிறகு திருத்தி அனுப்பினாலும் ஏற்கமாட்டார்கள்.

அவர்களோ நினைத்தபோதெல்லாம் விதியை மாற்றுவார்கள். இன்று ஓர் உறை கூடும், நாளை ஒன்று குறையும். ஒரு மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான்! என் பெட்டி திணறும், சிவப்பு காட்டும், நான் உட்கார்ந்து சரிசெய்து மறுபடி அனுப்புவேன்.

அமாவாசை தோறும் மண்டியில் பூஜை. சர்வருக்கும் சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் உண்டு. அப்படி ஒரு நாள் கற்பூரம் அணையுமுன் திரையில் சிவப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க சார், நல்ல நாளும் அதுவுமா செவப்பு காட்டுதே! அமாவாசையன்னிக்கு மட்டும் அது வராம பண்ணிப்போடுங்க" என்றார் முதலாளி.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை! நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அமாவாசையன்று என்ன பதில் வந்தாலும் திரையில் பச்சை. பெட்டியையே சரிசெய்துவிட்டேன் என்று முதலாளி நம்பினார். உண்மையான பதிலை நான் மட்டும் பார்த்து, ஓசையில்லாமல் சரிசெய்துகொள்வேன் என்பது என் கெட்டிக்காரத்தனம்...

ஒரு சித்திரை அமாவாசை. பூஜை முடிந்ததும் பதிலைப் பார்க்காமலே பரமத்தி வேலூரில் மச்சான் வீட்டு விருந்துக்குப் போய்விட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

அன்று வந்த பதில் மறுப்பு. ஓட்டுநர் உரிமம் முடியும் தேதியும் வேண்டுமாம், புது விதி. சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து அந்த விவரங்களையெல்லாம் தட்டச்சு செய்கிற சுமதி, பச்சையைப் பார்த்து வண்டியை அனுப்பிவிட்டாள். கிடங்கின் வாசலில், அந்த வெயிலில், வண்டி மூன்று நாள் நின்றது. முட்டை முழுக்க அழுகியது.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். நானும் அந்த அறையில்தான் நின்றேன்.

"நான் சரியாத்தானுங்க அடிச்சேன். பச்சையப் பாத்துட்டுத்தானுங்க வண்டிய உட்டேன்" என்றாள்.

"பொட்டி பொய் சொல்லுமா சாமி? நீதான் எதையோ உட்டுப்போட்டே. ஏனுங்க சார், பொட்டி தப்பாக் காட்டுமா?"

என்னைத்தான் கேட்டார்! ஒரு சொல் போதும்... "காட்டாதுங்க" என்றேன்.

அவள் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். அன்று மாலையே அந்த மறுப்புப் பதிலை அழித்தேன். நிரலிலிருந்து அந்த வரியையும் எடுத்தேன். இப்போது தேடினாலும் யாருக்கும் எதுவும் கிடைக்காது. அழிக்குமுன் ஒரு நொடியாவது யோசித்தேனா? இல்லை. அதுதான் இன்றுவரை எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்தப் பெட்டி மீது எரிச்சல்படுகிறேன், அந்த நிறுவனத்தைத் திட்டுகிறேன், முதலாளியின் ராசியைச் சபிக்கிறேன். ஆனால் பொய் சொல்லப் பெட்டிக்குக் கற்றுக்கொடுத்தவன் யார்?

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவளே வந்துவிட்டாள். வேலைக்குப் போகிற இடமெல்லாம் மண்டிக்குப் போன் போட்டு விசாரிக்கிறார்களாம், அதோடு சரியாம்.

"நான் சரியாத்தான் அடிச்சேன்னு ஊட்ல கூட நம்பலீங்ண்ணா. நீங்களாச்சும் நம்புறீங்களா?"

"நம்புறேன் சுமதி" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்...