மேஜர் துரைக்கு மடக்கிய குடை

டிவியில், ஏதோ ஒரு நாட்டில், பழைய தளபதி ஒருவரின் சிலையை மழைக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடிமை வச்சிருந்தவராம் தாத்தா," என்றாள் பேத்தி.

எனக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர், மேஜர் துரை ஞாபகம் வந்தார். உலகச் சண்டையில், எதிரியிடம் அடிமைப்பட்ட சனங்களை மீட்டவர் என்று அவருக்குப் பேர். அவர் எதிரே வந்தால் நாங்கள் குடையை மடக்கி, மழைத்தண்ணி ஓடும் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும்.

ஒரு நாள், காய்ச்சலில் கிடந்த தங்கச்சியை அப்பா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அம்மாவும் நானும் கூடப் போனோம். நல்ல மழை. எதிரே வந்த துரை குதிரையை நிறுத்தி, கூட வந்த கங்காணியிடம், சனங்களை மீட்ட அந்தக் கதையை ஆற அமரச் சொன்னார். நாங்கள் நனைந்தபடி கானுக்குள் நின்றோம்.

குதிரை நகர்ந்ததும் அம்மா கெஞ்சினாள். "குடைய விரிங்க, புள்ள வெறைக்குது."

"பொறுடி. தொர இன்னும் வளைவு தாண்டல."

தங்கச்சி ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

"நல்ல தொர, ஒருத்தர் மேலயும் கை வச்சதில்ல," என்றே அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.