ஓமக் கரி என்று பூசிய எண்ணெய் மணல்

எனக்குப் பத்து வயதான கோடையில் பாரிஸுக்குப் பக்கத்தில் எங்கள் பொபினி வீட்டில் எல்லோரும் எண்ணெய் விலை ஏறவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தோம். எங்களிடம் கார் கிடையாது. ஆனாலும் செய்தியில் பெற்றோல் விலை இரண்டு சதம் கூடியது என்றால் அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். எல்லாம் சித்தப்பாவுக்காக.

அப்பாவின் தம்பியான அவர் கனடாவில், அல்பேர்ட்டாவில், எண்ணெய் மணல் தோண்டும் இடத்தில் வேலை பார்த்தார். அங்கே எண்ணெய் கிணற்றிலிருந்து பீறிட்டு வருவதில்லை. காட்டை வழித்தெடுத்து, அடியில் கிடக்கும் தார் பிடித்த மணலை அள்ளி, சுடுநீரில் அலசித்தான் பிரிக்கவேண்டும். அதற்குச் செலவு அதிகம் என்பதால் உலகத்தில் விலை விழுந்தால் அந்த இடத்துக்கு உடனே காய்ச்சல் வந்துவிடும். அந்த வருடம் விலை தலைகுப்புற விழுந்தது. விலை ஏறினால் கூப்பிடுகிறோம் என்று சொல்லிச் சித்தப்பாவை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். வேலை நிலைத்தால்தான் வவுனியாவில் இருந்த சித்தியையும் கைக்குழந்தையையும் கனடாவுக்குக் கூப்பிடலாம் என்று அவர் இருந்தார். குழந்தையை அதுவரை அவர் போனில்தான் பார்த்திருந்தார். முன்பே எடுத்துவைத்த ரிக்கெற்றை வீணாக்க மனமில்லாமல் பாரிஸ் லா சப்பல் பிள்ளையார் தேருக்கு வந்து இறங்கினார்.

அவருடைய வேலை என்னவென்று கேட்டால் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். மணலை அலசிய கழிவு நீர் பெரிய பெரிய குளங்களாகத் தேங்கி நிற்குமாம். அதில் பறவைகள் இறங்காதபடி வெடிச்சத்தம் போட்டுக் கலைப்பதுதான் சித்தப்பாவின் வேலை. “இவ்வளவு தூரம் போய்க் காகம் கலைக்கிறான்” என்பார் அப்பா.

“வாத்து இறங்கினால் என்ன சித்தப்பா?” என்று கேட்டேன்.

“செட்டையிலை தார் ஒட்டினால் பிறகு எழும்பாது பிள்ளை. அதுக்குத்தான் என்னை வைச்சிருக்கினம்.”

செப்டெம்பரில் வகுப்பில் நான் இதைப்பற்றிப் பேசவேண்டும். ஒரு கைப்பிடி மணல் கொண்டுவாருங்கள் என்று போனில் நச்சரித்திருந்தேன். பாவம், அவரும் ஒரு சின்ன ஜாம் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்து, குசினி மேசையில் வைத்துவிட்டுப் பயணக் களைப்பில் படுத்துவிட்டார். அம்மாவோ கனடாப் பிள்ளையார் கோயிலில் ஓமம் செய்து பிரசாதம் கொண்டுவரும்படி அவரிடம் கேட்டிருந்தார். மேசையில் போத்தல், உள்ளே கறுப்பாக, பிசுபிசுவென்று ஒன்று. ஓமக் கரியை நெய்யில் குழைத்தால் அப்படித்தானே இருக்கும்? போத்தல் நேரே சாமித்தட்டுக்குப் போய்விட்டது.

தேரன்று விடிய அம்மா எல்லோர் நெற்றியிலும் ஒரு பொட்டு இழுத்தார்.

“அம்மா, இது றோட்டு மாதிரி மணக்குது.”

“வாயை மூடு. கனடா நெய் அப்பிடித்தான் மணக்கும்.”

சித்தப்பா அதற்கு முன்னரே புறப்பட்டுப் போயிருந்தார். வேலை திரும்பக் கிடைக்கவேண்டும் என்று தேருக்கு முன்னால் தேங்காய் உடைக்க நேர்ந்திருந்தார். தேர் வரும் ரூ பஜோல் தெருவில் எங்களுக்குக் கால் வைக்க இடமில்லை. வெயில் ஏற ஏறப் பொட்டு இளகியது. அப்பாவின் பொட்டு மூக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மாவுக்கு எதையும் தனியே வைத்துக்கொள்ளத் தெரியாது. கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து, கண்ட தெரிந்தவர்களுக்கெல்லாம் “கனடாப் பிள்ளையாற்றை ஓமக் கரி” என்று பூசத் தொடங்கினார். ரூ பெர்தொனே நகைக்கடை அன்ரி இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

அப்போதுதான் தேங்காய்த் தண்ணீரில் நனைந்த வேட்டியோடு சித்தப்பா வந்தார். எங்கள் நெற்றிகளைப் பார்த்தார். அம்மாவின் கையில் இருந்த போத்தலைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தபடி நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் உறைத்தது. ஐயோ, என் வகுப்பு மணல்! நான் வாயெடுக்கும் முன் அவர் என் தோளை அழுத்திப் பிடித்தார்.

“கிட்ட வாங்கோ தம்பி. இதைப் பூசினால் கட்டாயம் திரும்பக் கூப்பிடுவினம்” என்றார் அம்மா.

“பூசுங்கோ அண்ணி” என்று சித்தப்பா குனிந்தார். கண்ணை மூடிக் கைகூப்பினார். தேர் எங்களைக் கடந்து வளைவில் திரும்பும்வரைக்கும் அப்படியே நின்றார். எனக்கோ சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. இவ்வளவு நன்றாக நடிக்கிறாரே என்று அவர்மேல் ஆசையாசையாக வந்தது.

இரவு சவுக்காரம் போட்டு எவ்வளவு தேய்த்தும் பொட்டு அசையவில்லை. பிறகு தேங்காயெண்ணெய்க்குத்தான் போனது. அம்மாவுக்கு உண்மையை யாரும் சொல்லவில்லை. போத்தலின் அடியில் மிஞ்சியதை வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

பேச்சு நன்றாகவே போனது. வழித்தெடுத்த காடு, தார்க் குளம், வாத்து எல்லாவற்றையும் சொன்னேன். முடிவில், அந்த இடத்தை மூடிவிட வேண்டுமா என்று ரீச்சர் கேட்டார். வகுப்பே கை தூக்கியது. அன்று பின்னேரமே போன் எடுத்து, கனடாவுக்குத் திரும்பியிருந்த சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“நீயும் தூக்கினியோ?”

“ஓம். வாத்துகள் பாவம்தானே.”

“ஓம் பிள்ளை, பாவம். நீ தூக்கினது சரி.” பிறகு கேட்டார், “அங்கை வேலை செய்த சனம் இனி எங்கை போறதெண்டு ரீச்சர் ஏதும் சொன்னவாவோ?”

“இல்லை. அதுக்குள்ளை மணி அடிச்சிட்டுது.”

“பரவாயில்லை. நாளைக்குக் கேட்டுச் சொல்லு.”

இனி வேலைக்கு வரவேண்டாம் என்று கொம்பனி அவருக்கு அறிவித்து அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டில் எனக்கு யாரும் சொல்லவில்லை. சித்தப்பா வழக்கம்போல் பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனை அம்மாவிடம் கொடுத்தேன். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.