அக்கா மகனின் கல்லறையில்

ஜெர்மனியிலிருந்து போய், வாடகைக்கு எடுத்த கேரவனில் குடும்பமாகக் கனடாவைச் சுற்றினோம். மொன்றியலில் அக்காவை ஏற்றிக்கொண்டு அவருடைய மகனின் கல்லறைக்குப் போனோம். கனடிய இராணுவத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் இறந்தவன் அவன்.

ஒரே மாதிரியான கற்கள் வரிசையாக நின்றன. அக்கா அவன் பெயரில் ஒட்டியிருந்த ஈரப்புல்லை விரலால் துடைத்தார்.

எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. "நாட்டுக்காகத்தானே அக்கா போனவன். பெருமைப்படுங்கோ" என்றேன்.

அக்கா திரும்பவில்லை. "சண்டையில சாகக்கூடாதெண்டுதான் தம்பி, கைக்குழந்தையா இவனை வள்ளத்தில கொண்டு ஓடினனான்."

அந்த வள்ளத்தில் நானும் இருந்தேன். இலங்கைக் கடற்படைக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அவன் அழுத வாயைப் பொத்திப் பிடித்தவன் நான்தான்.

இப்போதெல்லாம் செத்தவீட்டுக்குப் போனால் ஆறுதல் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன்.