வெட்டாத காட்சி

பேசாப்பட நகைச்சுவை இயக்குநர்களில் எனக்குப் பிடித்தவர் ஒருவர் உண்டு. சிரிக்க வைப்பதற்காக நடிகரின் முகத்தருகே ஓடமாட்டார். கேமராவைத் தூரத்தில் ஊன்றி, ஆளையும் ஆபத்தையும் ஒன்றாகக் காட்டி, வெட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தப் பெருமையை நான் அளந்து அளந்து வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

போன வருஷம் ஒரு ஞாயிறு மதியம், போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், சுவரில் வேட்டியைக் கட்டி அவர் படம் ஒன்றைப் போட்டேன். காய் பறிக்கும் பெண்கள் வந்திருந்தார்கள். பாதிப் படத்தில் என் தங்கை உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவள் கணவர் ஜீப் ஓட்டியவர். மலை வளைவில் ஜீப் உருண்டு இறந்துபோனார். ஏற்றிவந்த பெண்கள் பிழைத்துக்கொண்டார்கள். கவனமில்லாமல் ஓட்டினார் என்று ஊர் சொன்னது. தங்கை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. படத்தின் கடைசியிலோ பிரேக் பிடிக்காத ஒரு கார் மலையிறங்கப் போகிறது.

நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். படம் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் பக்கத்திலேயே நின்றேன்.

கார் இறங்கியது. முதல் வளைவில் அறையே மலைப்பக்கம் சாய்ந்தது. தினமும் ஜீப்பில் போகிற உடம்புகள், தானாகச் சாய்கின்றன. தங்கையும் சாய்ந்தாள். காரில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வைக்கோலில் குதித்தார்கள். ஒரே சிரிப்பு. ஓட்டுகிறவன் மட்டும் ஸ்டியரிங்கை விடாமல் காரை மலையோடு உரசிப் பிடித்திருந்தான். இயக்குநர் வெட்டவே இல்லை. அந்த மனுஷனை அப்போது வெறுத்தேன். சிரிப்பு மெல்ல அடங்கியது.

திரையைப் பார்த்தபடியே தங்கை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அன்று அந்த ஜீப்பில் வந்த ஒரு அக்காவிடம் கேட்டாள்: "அவரும் இப்படித்தான் பிடிச்சிருந்தாராக்கா?"

"ஆமா ஆத்தா. குதிங்க குதிங்கன்னு கத்துனாரு. கடைசி ஆளு குதிக்கிற வரைக்கும் மலைப்பக்கமே அணைச்சுப் பிடிச்சிருந்தாரு. நாங்க மட்டும் பொழைச்சுட்டு ஒங்கிட்ட எந்த மொகத்தோட வந்து சொல்லுவோம்?"

திரையில் கார் கவிழ்ந்தது. புழுதி அடங்கியதும் ஓட்டுகிறவன் எழுந்து, தொப்பியைத் தட்டிக்கொண்டு நடந்துவந்தான். படம் முடிந்தது. நான் அவசரமாக லேப்டாப்பை மூடப் போனேன்.

"மூடாதண்ணே," என்றாள் தங்கை. "அந்த ஆளு எந்திரிச்சு வர்ற எடத்த இன்னொரு தடவ போடு."