குமரேசனின் எஸ்.ஜி.ஓ.டி.

போன பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் என் நண்பர் குமரேசன் ஒரு தப்பு செய்தார். லேப்புக்குப் போய் ரத்தம் கொடுத்தார்.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? சொல்கிறேன்.

குமரேசன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். பதினைந்து வருஷம் குடித்தவர், விட்டு ஒரு வருஷம் ஆகிறது. அந்தச் சந்தோஷத்தில் முதல் முறையாகக் கிரிவலம் போனார். தனியாக. பதினாலு கிலோமீட்டர், வெறுங்கால்! கடையில் உட்கார்ந்தே பழகிய உடம்பு... மறுநாள் படி இறங்க முடியவில்லை. ஆனாலும் டாக்டர் எழுதிக் கொடுத்த லிவர் டெஸ்ட்டை முடித்துவிடலாம் என்று நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. எஸ்.ஜி.ஓ.டி. ஜாஸ்தி.

அவர் மனைவி செல்விக்கு அந்த நாலெழுத்து அத்துப்படி. கணவர் குடித்த காலத்தில் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஏறி நின்றது அதுதான். கிரிவலம்னு சொல்லிட்டு எங்கே போய் உட்கார்ந்தாரோ என்று முடிவே கட்டிவிட்டார். பையில் துணியை அடுக்கிவிட்டு எனக்கு போன் செய்தார்.

"அண்ணா, அம்மா வீட்டுக்குப் போறேன். இந்தத் தடவ திரும்பி வரமாட்டேன்."

எதற்கும் லேப்பில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பும்மா என்றேன். நானும் லேப்புக்குப் போனேன். செல்வி பையோடு ஆட்டோவில் வந்தார். குமரேசன் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தார்.

லேப்பில் இருந்தது ஷபானா. பயோமெடிசின் படித்த பெண். அப்படியென்றால் ஊசி குத்துகிற படிப்பா என்று ஒருமுறை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆளைப் பார்ப்பது டாக்டர் வேலை, ஆளுக்குள்ளே செல், ஜீன், என்சைம் எல்லாம் என்ன செய்கின்றன என்று பார்ப்பது இந்தத் துறையாம். டெஸ்ட், மருந்து, தடுப்பூசி எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறதாம். சரி சரி என்று தலையாட்டி வைத்திருந்தேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்த ஷபானா, அடுத்து குமரேசனின் காலைப் பார்த்தார். நேற்று மலை சுற்றினீர்களா என்று கேட்டார். பௌர்ணமிக்கு மறுநாள் வருகிறவர்களைக் கேட்க வேண்டிய கேள்வியாம் அது. காலையில் ரத்தம் எடுத்தவர் கேட்க மறந்துவிட்டார். எஸ்.ஜி.ஓ.டி. என்கிற என்சைம் கல்லீரலில் மட்டுமில்லை, தசையிலும் இருக்கிறது. பழக்கமில்லாதவர் இத்தனை தூரம் நடந்தாலும் ஏறும். மற்ற லிவர் டெஸ்ட் எல்லாம் நார்மல். டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, அதே ரத்தத்தில் தசைக்கான டெஸ்ட்டையும் போட்டார். அது எகிறிக் கிடந்தது.

குமரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாத்தியா என்று மனைவி பக்கம் திரும்பினார். ஷபானா விடவில்லை.

"சார், நீங்க குடிக்கலைன்னு நான் சொல்லல. குடிச்சீங்கன்னு இந்த ரிப்போர்ட் சொல்லலைன்னுதான் சொல்றேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு குடும்பம் நிற்கிறது, கொஞ்சம் சேர்த்துச் சொன்னால்தான் என்னவாம்? அப்புறம் யோசித்தேன். தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கத்தான் அத்தனை வருஷம் படிக்கிறார்கள் போலிருக்கிறது.

செல்வி அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கலைன்னு சொல்ற டெஸ்ட் இருக்காம்மா?"

"இந்த லேப்ல இல்லக்கா."

செல்வி பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குமரேசனிடம் வண்டியை எடுக்கச் சொன்னார். எங்கே என்று கேட்கக்கூட அவருக்குப் பயம், பாவம்.

"வீட்டுக்குத்தான்," என்றார் செல்வி.

பயோமெடிசின் நம்மை ஸ்கூட்டர் வரைக்கும் கொண்டுவந்து விடும். ஏறி உட்காருவது நம் பாடு.