படத்தில் ஏறிய தப்புச் சத்தம்

எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில், தலவாக்கலையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்தக் கொழும்பு இளைஞர் என்னைத் தேடி வந்தார். அவருக்குப் பின்னால் கம்பெனி எதுவும் இல்லை. நண்பர் ஒருவரின் கமராவை இரவல் வாங்கி, நுவரெலியா டவுன் மாறிக்கொண்டிருப்பதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

மாறிக்கொண்டுதான் இருந்தது. மார்க்கட்டுக்குப் பின்னால் டவுன் வேலைக்காரர்கள் குடியிருந்த லயங்களை, அந்த வரிசை வீடுகளை, ஒவ்வொன்றாக இடித்து, ஏப்ரல் சீசனுக்கு வரும் பணக்காரர்கள் தங்குவதற்கு விடுதி கட்டினார்கள். அப்படி ஒரு லயத்தில்தான் என் அக்கா இருந்தாள். அத்தான் மரக்கறி லொறி ஓட்டினார். அவர்களையும் காலி பண்ணச் சொல்லியாயிற்று. எப்போது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அக்காவுக்காக வேறு எதுவும் செய்ய முடியாமல் இருந்த நான், அந்தப் படத்துக்கு இசை அமைக்க ஒத்துக்கொண்டேன்.

இளைஞருக்கு ஆர்மோனியம் மட்டும் போதவில்லை. டயகமத் தோட்டத்துப் பக்கம் ஒரு சாவு ஊர்வலத்தில் கேட்ட தப்பு மேளச் சத்தம் அவர் காதை விட்டுப் போகவே இல்லையாம்.

"அந்த அடிதான் வேணும் டீச்சர். ஒரு ஊரே சாகுறத பத்தின படம் இது."

அந்தத் தப்புக்காரரை நானே போய்க் கூட்டி வந்தேன். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கோயிலுக்கும் சாவு வீட்டுக்கும் தப்பு அடிப்பார். மாதா கோயில் மண்டபத்தில் ஒலிப்பதிவு வைத்திருந்தோம். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. மழை விடும்வரை அவர் வாசல் தாழ்வாரத்தில் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டதும் உட்காரத் தயங்கினார்.

"டீச்சரம்மா, தப்புக்காரன்னா வாசலுக்கு வெளியவே நிக்கச் சொல்லுவாங்க. அடிச்சி முடிச்சா போயிட்டே இருக்கணும். இத காது குடுத்துக் கேக்கணும்னு யாரும் என்னைய கூப்பிட்டதில்ல."

சாவு அடியை அவர் எடுத்தபோது மண்டபத்துச் சன்னல்கள் அதிர்ந்தன. நான் அதற்குக் கீழே ஆர்மோனியத்தில் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருந்தேன். நாங்கள் செய்தது நல்ல இசை. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

சில மாதங்கள் கழித்து, படத்தோடு இசையை ஒட்டி எடுத்துக்கொண்டு இளைஞர் திரும்பி வந்தார். ஒரு ஞாயிறு மத்தியானம் அதே மண்டபத்தில் சன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, சுவரில் வேட்டி விரித்துப் படம் போட்டோம். அக்காவும் லயத்துச் சனங்களும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். தப்புக்காரர் முன்வரிசையில், வெளுத்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஒரே சிரிப்பு. தங்கள் முகத்தைச் சுவரில் பார்த்த சந்தோஷம். பிறகு லயச் சுவர் ஒன்று புழுதியோடு சரிந்தது, தப்பு தொடங்கியது. சனம் அடங்கிப்போனது. அடுத்த காட்சியில் அக்காவின் வாசல் வந்தது. அவளுடைய பிள்ளைகள் இருவரும் படியில் உட்கார்ந்து சோறு தின்றார்கள். தப்பு நிற்கவில்லை. பிள்ளைகளின் வாய் அசைந்துகொண்டிருந்தது, சாவு அடி போய்க்கொண்டே இருந்தது.

அக்கா எழுந்து வெளியே போனாள். நான் பின்னால் ஓடினேன்.

"எம் பிள்ளைங்க சோறு திங்கிறப்ப சாவு மேளம் அடிக்கிறீங்களே, ஒனக்கு மனசு வந்துச்சா?" என்றாள். "எங்க வீட்டத்தான் இடிக்கப் போறாங்க. நாங்க இன்னும் சாகலடி."

"அக்கா, அது அந்த அர்த்தத்துல இல்ல."

"அப்ப எந்த அர்த்தத்துல?"

நான் மண்டபத்துக்குள் திரும்பிப் போனேன்.

படம் முடிந்ததும் அந்த இடத்தில் தப்பை எடுத்துவிடும்படி இளைஞரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "படத்தோட உயிரே அதுதான் டீச்சர்" என்றார். தப்பை எடுக்காவிட்டால் என் ஆர்மோனியத்தைப் படத்திலிருந்தே எடுத்துவிடுங்கள் என்றேன். தப்புக்காரர் எங்களுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"எம் மேளம் ஆகாதுன்னா எடுத்துருங்க. எங்களுக்கு இது புதுசா?" என்றார். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

அவரிடம் என்ன சொல்லியிருக்க முடியும்? மேளத்தின் மேல் குற்றமில்லை என்றா? அக்காவிடமும் அதைத்தான் சொல்லப் பார்த்தேன்.

ஒரு வழியாக இளைஞர் இறங்கி வந்தார். சுவர் சரியும் காட்சியில் தப்பை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் சாப்பிடும்போது எந்த இசையும் இல்லாமல் விட்டார். பீங்கான் தட்டில் விரல் உரசும் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிந்து சேர்த்தார். திருத்தியதைக் காட்ட வந்தபோது பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன். அக்காவின் லயத்தை அதற்குள் இடித்துவிட்டிருந்தார்கள். பிள்ளைகளோடும் அத்தானோடும் அவள் என் வீட்டில்தான் இருந்தாள். பார்க்க வரச் சொன்னேன். "இடிச்சத நேர்லயே பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

"இப்ப சரியா டீச்சர்?" என்று அவர் கேட்டார். அக்காவுக்கு அது சரிதான். தப்பு திடீரென்று அறுந்து நின்ற இடத்தில், தப்புக்காரரை மறுபடியும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது போல் எனக்கு இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு டயகம போனேன். தேருக்கு முன்னால் தப்புக்காரர் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், கை நிற்கவில்லை. தேர் நிலைக்கு வரும்வரை கூட்டத்தில் நின்றேன். பிறகு அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க டீச்சரம்மா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று தன் லயத்துக்குக் கூட்டிப் போனார். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றியே பேசினார். அவர் சம்சாரம் சீனி போதுமா என்று கேட்டார். அவர் மேளம் படத்தில் இன்னும் இருக்கிறது என்று சொல்லத்தான் நான் போயிருந்தேன். அவர் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லாமலேயே பஸ் ஏறினேன்.